சூடு

எங்கள் தெருவில் எல்லா நோய்க்கும்
ஒரே பெயர்தான்.
கண் சிவந்தால் சூடு.
வாயில் புண் வந்தால் சூடு.
வெள்ளை பட்டால், அடிவயிறு இழுத்தால்,
மூத்திரம் போகையில் உயிர் போய் உயிர் வந்தால்
"வேலூர் வெயிலு அப்படி, மோர் குடிச்சுகினே இரு"
என்பாள் பர்வீன்,
பீடி இலை வெட்டும் கத்தரியிலிருந்து
கண்ணெடுக்காமல்.

குடித்தேன்.
வெந்தயம் முழுங்கினேன்.
சோற்றுக்கற்றாழையை ஏழு தண்ணீரில் கழுவித் தின்றேன்.
சித்திரை போய் வைகாசி வந்தும்
முறத்தின் முன்னால் கால் மடக்கி
உட்கார முடியவில்லை.
ஆயிரம் சுற்றுகிற கை அறுநூறில் நின்றது.
ஏஜெண்டு கட்டுகளை எண்ணினார்,
இன்னொரு தரம் எண்ணினார்,
அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

டில்லிபாபுவுக்கும் சூடுதான்.
பெங்களூர் லாரியில் கிளீனர்,
வாரம் முழுக்க இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து போகிறவன்.
ஒருநாள் லுங்கியை ஒதுக்கி
எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் உள்ளே வந்ததும் விளக்கை அணைத்தான்.

பழைய பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் சுவரில்
நோட்டீஸ் ஒட்டிய வைத்தியரிடம்
நானூறு ரூபாய்க்கு லேகியம் வாங்கி
அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தான்.
சூட்டுக்குத்தானே என்று
நானும் ரெண்டு விரல் நக்கினேன்.
தித்தித்தது.

மாநகராட்சி ஆஸ்பத்திரியில் ஹெப்சிபா சிஸ்டர்
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்:
"வீட்டுக்காரர் வெளியே போவாரா?"
லாரிக்குப் போவார் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
சீட்டு எழுதி முடிக்கிற வரைக்கும்
அந்த வார்த்தை என் மடியில் கிடந்தது.
அப்புறம்தான் புரிந்தது.

அடுக்கம்பாறைக்கு அனுப்பினாள்.
அங்கே அந்த அறைக்குப் பெயர்
நம்பிக்கை மையம்.
பலகையைப் பார்த்ததும் எனக்கு முன்னால் போனவள்
முந்தானையால் முகத்தை மூடினாள்.
நானும் மூடினேன்.
பெஞ்சில் கஸ்பாவில் தக்காளி விற்கிற ஆள்,
எனக்கு எப்போதும் கொசுறு போடுகிறவர்.
ரெண்டு பேரும் சுவரில் பல்லியைப் பார்த்தோம்.
பல்லி போன பிறகும் பார்த்தோம்.

அந்தக் கிருமி இப்போதைக்கு இல்லையாம்.
இருப்பது வேறு.
ஊசியும் மாத்திரையும் போதுமாம்,
ஆனால் ரெண்டு பேருக்கும்.
"மூணு மாசம் கழிச்சு மறுபடி வந்துடும்மா,
சில சமயம் ரத்தத்துல தெரிய நாளாகும்."
அதுவரைக்கும்?
அதுவரைக்கும் ஒரு பொட்டலம்.
எப்படி மாட்டுவது என்று
மரக்கட்டையில் காட்டினார்கள்.
பீடி சுற்றுகிற கை,
ஒரே தடவையில் பிடிபட்டுவிட்டது.
சிரிப்பு வந்தது எனக்கு.
சிஸ்டர் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ராத்திரி கரண்டு போனது.
"இன்னாடி இப்படிக் கொதிக்குது"
சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தான்.
"இது சூடு இல்ல" என்றேன்.
லேகிய டப்பாவை எடுத்து நடுவில் வைத்தேன்.
மாத்திரை அட்டையை வைத்தேன்.
பொட்டலத்தை வைத்தேன்.
சின்னவன் தூக்கத்தில் புரண்டான்.
ஓங்கிய கை இருட்டில் எங்கே நின்றதோ,
விழவில்லை.
"எவ சொல்லிக் குடுத்தா?" என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.
வாசலில் போய் உட்கார்ந்து
நான் சுற்றிய பீடியைப் பற்ற வைத்தான்.
ஒரு சிவப்புப் புள்ளி.
அணைந்தது. இன்னொன்று.

தொண்ணூறு நாள்.
நாளைக்கு எண்ணூறு என்றாலும்
எழுபத்திரண்டாயிரம்,
காய்ச்சல் வந்தால் குறையும்.
இலையை நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிகையில் அவன் லாரிக்குப் போயிருந்தான்.
சொம்பு இடம் மாறியிருந்தது.
மாத்திரை அட்டையில் ஒரு குழி காலி.
பொட்டலம் வைத்த இடத்திலேயே.
இலை
பதமாகியிருந்தது.